ஏழாம் வகுப்புப் பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான்: கொரோனாதான் காரணமா?

கேள்வி: 2020-ல் பள்ளிகளை மூடியபோது என் மகன் முதல் வகுப்பு. இப்போது ஏழாம் வகுப்பு. இன்னமும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். வகுத்தல், பின்னம் என்றாலே ஓடுகிறான். டியூஷனுக்குப் போயும் பயனில்லை. 'இத்தனை வருஷம் கழித்தும் கொரோனா மேல் பழி போடாதே' என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: கணவர் சொல்வது பாதி சரி. முதல் இரண்டு வகுப்புகளில்தான் பிள்ளைகள் எழுத்துக்கூட்டுவதைத் தாண்டிச் சரளமாக வாசிக்கத் தொடங்குவார்கள். உங்கள் மகனின் அந்தக் காலம் பள்ளி மூடலில் போய்விட்டது. பள்ளி திறந்தபின் அவன் வயதுக்குரிய வகுப்பில் உட்கார்ந்தான்; பாடமும் அந்த வகுப்புக்குரியதாகவே நடந்தது. விட்டுப்போனது தானாக நிரம்பவில்லை.

உலகம் முழுக்க இந்தச் சரிவு தெரிந்தது. 15 வயது மாணவர்களுக்கு நடத்தப்படும் பிசா தேர்வில், ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு) நாடுகளின் கணிதச் சராசரி 2018-க்கும் 2022-க்கும் இடையே ஏறக்குறைய 15 புள்ளிகள் குறைந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் பெருந்தொற்றே காரணம் இல்லை என்று தேர்வை நடத்திய அமைப்பே சொன்னது. உங்கள் மகன் விஷயத்திலும் அப்படி இருக்கலாம். ஆகவே முதலில் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். ஊரடங்குக்குப் பின் பிள்ளைகளிடையே கிட்டப்பார்வை கூடியது. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடு, இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் நிபுணரிடம் காட்டுங்கள். அதற்குப் பயிற்சி முறையே வேறு.

அப்புறம், அவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்க வேண்டும். ஏழாம் வகுப்புப் புத்தகத்தை ஓரம் வையுங்கள். இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்றை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தடங்கல் இல்லையென்றால் மூன்று, நான்கு என்று மேலே போங்கள். கணக்கில் 503-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். பூஜ்யத்தைத் தாண்டிக் கடன் வாங்கத் தெரிகிறதா என்று அதில் தெரிந்துவிடும். 96-ஐ 4-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று கேளுங்கள். 'நான்கில் ஒன்று' என்றால், பின்னத்தை அவன் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்திருக்கிறான். முதலில் எங்கே தடுக்குகிறதோ அங்கேதான் தொடங்க வேண்டும். அது மூன்றாம் வகுப்பாக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டியூஷன் ஏன் உதவவில்லை என்பதற்கும் பெரும்பாலும் இதுதான் விடை. அங்கேயும் நாளைய வீட்டுப்பாடத்தைத்தான் முடித்துக் கொடுக்கிறார்கள். இந்தியாவின் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைக் குழுவாக்கிச் சொல்லித்தரும் முறையைப் பெருந்தொற்றுக்கு வெகு முன்பே நடத்திக் காட்டியது. ஆப்பிரிக்க நாடுகள் சிலவும் அதை எடுத்துக்கொண்டன. டியூஷன் ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள். முடியாது என்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

வீட்டில் தினமும் அரை மணி நேரம் போதும். வாசிப்புக்கு ஒரே பத்தியை மூன்று நான்கு முறை உரக்க வாசிக்கட்டும். கடைசி முறை குரலே மாறியிருக்கும். எழுத்தைக் கூட்டுவதிலேயே மூளையின் கவனம் தீர்ந்துவிட்டால் பொருளுக்கு எதுவும் மிஞ்சாது. அதனால்தான் சரளத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன். வாசித்து முடித்ததும் கதையைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். கணக்கில் முதலில் பெருக்கல் வாய்ப்பாடு, பிறகு வகுத்தல், அது கைவந்த பிறகே பின்னம். பின்னத்துக்குக் காகிதத்தை மடித்துக் காட்டுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வகுப்பு ஆசிரியரிடமும் பேசுங்கள். இந்த ஆறு மாதத்துக்கு மதிப்பெண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று சொல்லுங்கள். வகுப்பில் திடீரென எழுப்பி உரக்க வாசிக்கவைக்க வேண்டாம் என்றும் கேளுங்கள். தம்பி தங்கை இருந்தால் பழைய வகுப்புப் புத்தகத்தை அவர்கள் முன்னால் எடுக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய அவமானம். மூன்று மாதம் தினமும் செய்தும் வாசிப்பு நகரவில்லை என்றால், நிபுணரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.