வீட்டு ஷட்டர் திடீரென்று ஏன் கனக்கிறது?

காசிமேடு, ராயபுரம் பக்கம் கார் நிறுத்த ஷட்டர் போட்டவர்கள் அடிக்கடி கேட்பது: "முன்பு ஒரு கையால் தூக்கினேன், இப்போது இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. ஏன்?"

பெரும்பாலும் ஸ்பிரிங்தான் காரணம். ஷட்டர் சுருளும் மேல் பெட்டிக்குள் இருக்கும் கம்பிச் சுருள் அது. இறக்கும்போது முறுக்கேறும், தூக்கும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து எடையில் பெரும்பங்கைத் தானே ஏற்கும். லாரித் தண்ணீர் பிடித்துக் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது பக்கத்து வீட்டு அக்கா ஒரு கை கொடுப்பாரே, அதே உதவிதான். அந்தக் கை விலகினால் முழு எடையும் நம் மேல். மோட்டார் வைத்திருந்தால் அது முனகும், சூடேறும், பாதியில் நிற்கும்.

நம் பக்கம் கடற்காற்று வேறு. பக்கவாட்டுச் சட்டத்துக்குள் விரலை ஓட்டிப் பாருங்கள், பழுப்புத் துருப்பொடி ஒட்டும். மேலே ஸ்பிரிங்குக்கும் அதே கதிதான்.

கையால் தூக்கும் ஷட்டரைப் பாதி உயர்த்தி, பிடியை மெல்லத் தளர்த்துங்கள். கால் அடியில் இருக்கக் கூடாது. அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி, சட்டத்தைத் துடைத்தால் போதும். ஷட்டர் தானாகக் கீழே இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அப்புறம் ஷட்டர் மெக்கானிக்தான். தயவுசெய்து நீங்களே கழற்றாதீர்கள். முறுக்கு சட்டென்று அவிழ்ந்தால் கை முறியும்.

கிரீஸ் அள்ளிப் பூசினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் மணல் ஒட்டிச் சட்டம் இன்னும் இறுகும், ஸ்பிரிங்கோ தளர்ந்தபடியேதான் இருக்கும்.