சுவிஸ் அண்ணா 120 என்கிறார், நோர்வே மச்சான் 140 என்கிறார்: தடி எத்தனை நீளம்?

கேள்வி: பெப்ரவரியில் சுவிஸிலுள்ள அண்ணா வீட்டுக்குப் போகிறேன். ஒரு கிழமை ஸ்கீ (பனிச்சறுக்கு) பழக்குவதாகச் சொல்லியிருக்கிறார். என் உயரம் 5 அடி 7 அங்குலம். கையில் ஊன்றும் தடி 120 சென்ரிமீற்றர் போதும் என்கிறார் அண்ணா. நோர்வேயில் இருக்கும் மச்சானோ 140க்குக் குறைந்தால் உதவாது என்கிறார். யாரை நம்புவது? முதல்முறை போகிறவருக்குத் தடி தேவையா? இங்கிருந்தே ஒரு சோடி வாங்கிக்கொண்டு போகலாமா? (கல்லடி வாசகர்)

பதில்: இரண்டு பேரும் தங்கள் ஊர் விளையாட்டுக்குச் சரியான கணக்கைத்தான் சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டுத்தான் வேறு.

சுவிஸில் பெரும்பாலும் மலையுச்சிக்கு லிஃப்டில் ஏறிச் சரிவில் சறுக்கி இறங்குவார்கள். உடம்பை முன்னே கொண்டுபோவது சரிவு. தடி திருப்பத்துக்குத் தாளம் கொடுக்கும், சமநிலைக்கு உதவும், லிஃப்ட் வரிசை போன்ற சமதரையில் தள்ளிப் போகவும் விழுந்தால் எழும்பவும் பயன்படும். இதற்கு உயரத்தில் 0.7 பங்கு போதும். உங்கள் 5 அடி 7 அங்குலம் 170 சென்ரிமீற்றர். 0.7ஆல் பெருக்கினால் 119. தடிகள் ஐந்து ஐந்து சென்ரிமீற்றராக ஏறுவதால் 120.

நோர்வேயில் பலர் போவது சமவெளியிலும் காட்டுப் பாதையிலும். அங்கே சரிவு இழுக்காது. வாவியில் தோணியைக் கம்பு ஊன்றித் தள்ளுகிறோமே, அந்த வேலைதான். கம்பு நீளமாக இருந்தால்தான் ஊன்றிய பிறகும் நெடுநேரம் பின்னால் தள்ளலாம். ஒரே தடத்தில் நேராகப் போகும் கிளாசிக் முறைக்கு உயரத்தில் ஏறத்தாழ 0.83 பங்கு, உங்களுக்கு 140. ஸ்கேற்றிங் செய்வதுபோல் காலைப் பக்கவாட்டில் தள்ளும் முறைக்கு 150 அளவில் வரும். கிளாசிக் போட்டிகளில் தடி, சப்பாத்தோடு சேர்த்த உயரத்தின் 83 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதியே உண்டு.

சுவிஸ் சரிவுக்கு மச்சானின் 140ஐக் கொண்டுபோனால், ஊன்றும் ஒவ்வொரு தடவையும் கை தோளுக்கு ஏறும், உடம்பு பின்னால் சாயும். பாரம் குதிக்காலுக்குப் போய்விட்டால் காலில் பூட்டிய ஸ்கீப் பலகை திரும்பாது. கட்டையான தடியென்றால் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டிவரும், ஆனால் பழகுகிறவருக்கு அது பெரிய குற்றமில்லை. அதனால் சரிவு ஸ்கீக்கு இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் கட்டையானதை எடுங்கள்.

கணக்கை விட முழங்கை நம்பகமானது. கடையில் தடியைத் தலைகீழாகப் பிடியுங்கள்: கைபிடி நிலத்தில், கூர்நுனி மேலே. நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு பிளாஸ்டிக் வட்டு இருக்கும், கடைக்காரர் பாஸ்கெட் என்பார். அந்த வட்டுக்கு நேர் கீழே தண்டைப் பிடித்தால், மேற்கையை உடம்போடு ஒட்டி வைத்தபடி முழங்கை 90 பாகையில் மடிந்து, முன்கை நிலத்துக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். ஏன் தலைகீழாக என்று கேட்பீர்கள். கல்லடிக் கடற்கரை மணலில் தும்புத்தடியின் காம்பை ஊன்றிப் பாருங்கள், இறங்கிக்கொண்டே போகும். பனியிலும் நுனி இறங்கும், வட்டு முட்டியதும் நிற்கும். அப்படிப் புதையும் துண்டைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளக்கத்தான் இந்தத் தலைகீழ் வித்தை.

இதை வீட்டிலேயே செய்யலாம். சப்பாத்துப் போட்டுச் சீமெந்துத் தரையில் நின்று, முழங்கையை மடித்து முஷ்டி பிடியுங்கள். இன்னொருவர் நிலத்திலிருந்து முஷ்டியின் மேல்விளிம்பு வரை அளக்கட்டும். அதோடு வட்டுக்கும் நுனிக்கும் இடையிலுள்ள 6, 7 சென்ரிமீற்றரைக் கூட்டுங்கள். அந்த எண்ணை அண்ணாவுக்கு அனுப்பினால் போதும்.

இனி, தேவையா என்ற கேள்வி. முதல் நாள் இரண்டு நாள் தேவையே இல்லை. பல பயிற்சியாளர்கள் தடியை ஓரமாக வைத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். கையில் தடி இருந்தால் புதியவர் அதை ஊன்றி நிற்கப் பார்ப்பார், கால் வேலை செய்யப் பழகாது. தடி பிரேக்கும் அல்ல. வேகமாகப் போகும்போது முன்னால் குத்தி நிறுத்த முயன்றால் தோளோ மணிக்கட்டோதான் அடிபடும்.

வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஸ்கீயை வாடகைக்கு எடுக்கும்போது பெரும்பாலான கடைகளில் தடியும் அதே செற்றில் வரும், பொருந்தாவிட்டால் அடுத்த நாள் மாற்றலாம். காசைக் கொட்டுவதானால் காலுக்குச் சரியாகப் பிடிக்கும் பூட்ஸில் கொட்டுங்கள். தடியில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். அலுமினியம் வளையும், காபன் பாரம் குறைவு ஆனால் கீறல் விழுந்தால் ஒருநாள் பட்டென்று முறியும். பழகுகிறவருக்கு அலுமினியம். இறுக்கிய பனிப்பாதைக்குச் சிறிய வட்டு, பஞ்சுப்பனிக்கு உள்ளங்கையளவு பெரிய வட்டு.

கைப்பட்டியை மட்டும் கவனியுங்கள். கையைக் கீழிருந்து பட்டிக்குள் விட்டு, பிறகு பட்டியையும் கைபிடியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். விழும்போது தடி கையிலேயே நின்றால் பெருவிரல் வெளிப்பக்கமாகப் பிரிந்து அடிமூட்டின் நார் கிழியும். ஸ்கீ ஆட்களின் பெருவிரல் என்று மருத்துவர்கள் தனிப்பெயர் வைக்குமளவுக்கு இது சாதாரணம். விழப்போகிறீர்கள் என்று தெரிந்தால் தடியை விட்டுவிடுங்கள். லிஃப்டில் ஏறுமுன்னும் மரங்களுக்கிடையில் போகும்போதும் பட்டியைக் கழற்றுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகனும் கூட வருகிறான். அவனுக்கும் தடி எடுக்கவா? (அதே வாசகர்)

பதில்: வேண்டாம். அந்த வயதில் அது வாள் சண்டைக்குத்தான் உதவும். ஸ்கீயின் முன்நுனிகளைக் கிட்டச் சேர்த்துத் தலைகீழ் V போல வைத்து நிற்கவும் திரும்பவும் பழகிய பிறகு பார்க்கலாம். அப்போதும் அளவு முழங்கைதான்.

கேள்வி: மாமா சுவிஸிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போன ஸ்கீ தடி ஒரு சோடி வீட்டில் கிடக்கிறது, 120 என்று எழுதியிருக்கிறது. நான் 5 அடி 5 அங்குலம். உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகும்போது பாவிக்கலாமா? (திருக்கோவில் வாசகர்)

பதில்: பாவிக்கலாம், ஆனால் உங்களுக்கு நீளம் கூட. நடைக்குத் தடி பனியில் போல ஆழப் புதைவதில்லை என்பதால் தலைகீழாக அளக்கத் தேவையில்லை. நேராக ஊன்றிப் பிடித்து, முழங்கை 90 பாகையில் வந்தால் சரி. வெறுங்காலோடு நடப்பதென்றால் வெறுங்காலோடு அளவெடுங்கள், சப்பாத்தின் உயரம் கணக்கில் வரக்கூடாது. உங்களுக்கு 110க்குக் கிட்ட வரும்.

அலுமினியத் தடியென்றால் வெட்டலாம். வெட்டுவது மேல்பக்கத்தில்தான். கீழே தண்டு ஒடுங்கிப்போகும், நுனியும் வட்டும் மறுபடி பொருந்தாது. கைபிடியை நல்ல சுடுதண்ணீரில் சில நிமிடம் அமிழ்த்தி, துணியால் பிடித்துத் திருகி இழுங்கள். முதலில் 8 சென்ரிமீற்றர் மட்டும் இரும்பறுக்கும் வாளால் வெட்டி, விளிம்பை அரத்தால் ராவி, கைபிடியைச் செருகி நடந்து பாருங்கள். வழியிலுள்ள குமணக் காட்டு மணலில் தடி கொஞ்சம் இறங்குமென்பதால் அந்த 8 போதுமாகவும் இருக்கலாம். வெட்டியதை ஒட்ட முடியாது. கைபிடி தளர்ந்தால் தண்டில் இரண்டு சுற்று ரேப் சுற்றுங்கள். காபன் தண்டை வீட்டில் வெட்டாதீர்கள், அதன் தூளும் சிம்பும் பொல்லாதவை.

வட்டைக் கழற்றாதீர்கள், மணலில் அதுதான் உதவி. தார் வீதியில் கூர்நுனி வழுக்கும், அதற்கு றப்பர் மூடி வேண்டும். நடைத்தடிக்கு விற்கும் மூடி ஸ்கீ தடியின் நுனிக்குப் பொருந்தாமல் போகலாம், தடியைக் கையில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

புதிதாக வாங்குவதென்றால், நீட்டிச் சுருக்கும் நடைத்தடியில் திருகிப் பூட்டுவதை விட வெளியே நெம்பு வைத்துப் பூட்டுவது நல்லது. திருகுப் பூட்டுக்குள் மணல் போனால் ஒன்றில் இறுகாது, இல்லாவிட்டால் கழறாது. கடையிலேயே உங்கள் அளவுக்கு நீட்டிப் பூட்டி, முழுப் பாரத்தையும் அதில் போடுங்கள். உள்ளே வழுகினால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். தண்டிலுள்ள எல்லைக்கோட்டைத் தாண்டி நீட்டக்கூடாது. கும்புக்கன் ஆற்றைக் கடந்த பிறகு நனைந்தபடியே சுருக்கி மூட்டைக்குள் செருகாமல், துண்டுகளைக் கழற்றி உலரவிடுங்கள்.

கேள்வி: சோடியில் மற்றத் தடியை அம்மம்மாவுக்கு ஊன்றுகோலாகக் கொடுக்கலாமா? (அதே வாசகர்)

பதில்: கூடவே கூடாது. ஸ்கீ தடியின் கைபிடி நிமிர்ந்து நிற்பது, உள்ளங்கையால் மேலிருந்து பாரம் போட அதில் இடமில்லை. அடியும் கூர். ஊன்றுகோலுக்கு அளவு முழங்கையல்ல, மணிக்கட்டு: வழக்கமாகப் போடும் செருப்போடு நிற்கவைத்து, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே கைபிடியின் மேல்பக்கம் இருக்க வேண்டும். ஊன்றும்போது முழங்கை கொஞ்சம் மட்டும் மடியும். பொத்தானை அமத்தி உயரம் மாற்றும் அலுமினியக் கோல் வாங்கினால் இதைச் சரிசெய்வது சுலபம்.

வலது முழங்கால் நோகிறதென்றால் கோல் இடது கையில். நோகும் பக்கத்திலேயே பிடிக்கிறவர்கள் பலர், அது பாரத்தை அவ்வளவு குறைக்காது. அடியிலுள்ள றப்பரை மாதமொருமுறை திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து மழமழவென்று இருந்தால், அன்றைக்கே மாற்றுங்கள், மாற்றும்வரை அம்மம்மாவைக் கிணற்றடிக்குத் தனியே விடாதீர்கள்.