வில்லியம் மில்லிகன்: மிச்சிகனின் மிதவாத ஆளுநர் – கேள்வி பதில்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1969 முதல் 1982 முடியும்வரை ஆளுநராக இருந்த குடியரசுக் கட்சிக்காரர் மில்லிகனைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கே: சார், 14 வருஷம் ஒரே ஆளா? எப்படி வந்தார்?

ப: அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டில் வருபவர், மாநில அரசை நடத்துவதும் அவர்தான். ஆனால் மில்லிகன் முதலில் பதவிக்கு வந்தது தேர்தலில் ஜெயித்து அல்ல. ஆளுநர் ஜார்ஜ் ராம்னி அதிபர் நிக்சனின் அமைச்சரவைக்குப் போனார். துணை ஆளுநராக இருந்த இவர் 1969 ஜனவரியில் அந்த இடத்துக்கு வந்தார். அப்புறம் 1970, 1974, 1978 என மூன்று தேர்தல்களிலும் வெற்றி. முதல் இரண்டும் குறைந்த வித்தியாசம்.

கே: குடும்பம்?

ப: டிராவர்ஸ் சிட்டியில் 1922இல் பிறந்தவர். தாத்தா தொடங்கிய பெரிய கடை ஊரில் இருந்தது. தாத்தாவும் அப்பாவும் மாநில செனட்டர்கள். இரண்டாம் உலகப் போரில் பி-24 குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராக 50 முறை பறந்திருக்கிறார்.

கே: மிதவாதி என்றால் இரண்டு பக்கமும் தலையாட்டுபவர்தானே?

ப: இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மிச்சிகனின் பெரிய நகரமான டெட்ராய்ட்டைப் பாருங்கள். 1967 இனக் கலவரத்துக்குப் பிறகு வெள்ளையர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறிய நகரம். 1974இல் அதன் முதல் கறுப்பின மேயராகப் பதவியேற்ற கோல்மன் யங் எதிர்க்கட்சிக்காரர். மில்லிகன் கட்சியின் ஓட்டு புறநகரிலும் கிராமத்திலும் இருந்தது. டெட்ராய்ட்டுக்குப் பணம் ஒதுக்கினால் சொந்தக் கட்சியே முறைக்கும். இருந்தும் ஒதுக்கினார், யங்கோடு கடைசிவரை சேர்ந்தே வேலை செய்தார். ஏழைப் பெண்களின் கருக்கலைப்புக்கான அரசு நிதியை நிறுத்தும் மசோதாக்களையும் திரும்பத் திரும்ப ரத்து செய்தார். தலையாட்டுபவர் செய்கிற வேலையா இது?

கே: பாட்டில் சட்டம் இவருடையதா?

ப: மக்களுடையது என்பதே சரி. பானக் கம்பெனிகளின் எதிர்ப்பால் சட்டமன்றத்தில் நகராத விஷயம் அது. கையெழுத்து திரட்டி 1976இல் நேரடி வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். மில்லிகன் வெளிப்படையாக ஆதரித்தார், ஜெயித்தது. காலி பாட்டிலைக் கடையில் திருப்பித் தந்தால் 10 சென்ட். இதில் முன்னோடியான ஓரிகன் மாநிலத்தில் அப்போது 5 சென்ட்தான். சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்குக் கட்டுப்பாடு வந்ததும் இவர் காலத்தில்தான். ஏரிகளில் பாசி மண்டியதற்கு அந்த பாஸ்பேட் முக்கியக் காரணம்.

கே: அண்ணா, புகழ்ந்துகொண்டே போகிறீர்களே, குறையே இல்லையா?

ப: இருக்கிறது தம்பி, பெரிதாகவே. 1973இல் மாட்டுத் தீவனத்தில் கலக்க வேண்டிய மெக்னீசியம் ஆக்சைடுக்குப் பதிலாக, பிபிபி என்ற தீத்தடுப்பு ரசாயன மூட்டை தவறுதலாகத் தீவன ஆலைக்குப் போய்விட்டது. மாடுகளுக்குப் பால் வற்றியது, குளம்பு கோணிக்கொண்டு வளர்ந்தது. காரணம் தெரிவதற்குள் பாலும் இறைச்சியும் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. சுமார் 30,000 மாடுகளைக் கொன்று புதைக்க வேண்டியதாயிற்று. விவசாயிகள் கதறியபோது அரசு மெத்தனமாக இருந்தது என்ற பழி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, 1978இல் அவர் கையெழுத்திட்ட போதைப்பொருள் சட்டம். 650 கிராம் அல்லது அதற்கு மேல் கொக்கெயினோ ஹெராயினோ பிடிபட்டால் பரோலே இல்லாத ஆயுள் தண்டனை. பெரிய கடத்தல் முதலைகளைப் பிடிக்கப் போட்ட சட்டத்தில் சில்லறை ஆட்களும் முதல் குற்றக்காரர்களும் மாட்டினார்கள். அது பெரிய தவறு என்று மில்லிகனே பின்னாளில் சொல்லி, அதை மாற்றக் குரல் கொடுத்தார். 1998இல் தளர்த்தினார்கள்.

கே: கட்சியை விட்டு நீக்கினார்களாமே?

ப: அவராக விலகவில்லை. அதிபர் தேர்தல்களில் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களை, 2004இல் ஜான் கெர்ரியையும் 2016இல் ஹிலாரி கிளின்டனையும், ஆதரித்தார். உடனே அவருடைய சொந்த மாவட்டமான கிராண்ட் டிராவர்ஸின் கட்சிக் கிளை, இனி இவரைக் குடியரசுக் கட்சிக்காரராக ஏற்பதில்லை என்று தீர்மானம் போட்டது. அப்போது அவருக்கு 94 வயது. 14 வருஷம் அந்தக் கட்சிக்கு ஆட்சி தேடித்தந்த மனிதரிடம் இப்படி நடந்துகொண்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. 2019 அக்டோபரில், 97 வயதில் காலமானார்.

கே: அவருடைய 14 ஆண்டுச் சாதனையை யாராவது முறியடிப்பார்களா?

ப: இப்போதைய சட்டப்படி முடியாது. 1992இல் மிச்சிகன் மக்கள் கொண்டுவந்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு முறைதான் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்படலாம்.