தெரியாத துறையின் வரைவை எங்கிருந்து படிப்பது?

கேள்வி: நான் 8 ஆண்டுகளாக நெட்வொர்க் பாதுகாப்பில் இருக்கிறேன். இணையத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில், சென்சார்களுக்கான ஒரு புரோட்டோக்கால் வரைவைப் பாதுகாப்பு நோக்கில் பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். 60 பக்கம், 2 வாரம். சென்சார் உலகம் எனக்குப் புதிது. எப்படித் தொடங்குவது?

பதில்: சென்சார் தெரிந்தவர்கள் அந்த வரைவை ஏற்கெனவே பலமுறை படித்திருப்பார்கள். உங்கள் தொழில் கண்ணுக்கு மட்டும் படுவது எது என்பதுதான் இப்போது வேண்டும்.

வைஃபையின் முதல் பாதுகாப்பு முறையான 'வெப்'பை (WEP) நினைத்துப் பாருங்கள். 1997-இல் வந்த தரம். பாக்கெட் மாறாமல் வந்ததா என்று பார்க்க அதில் சி.ஆர்.சி.-32 என்ற சரிபார்ப்புக் கணக்கை வைத்தார்கள். காற்றில் வரும் இரைச்சலால் பிட் புரண்டால் கண்டுபிடிக்க அது நல்ல கருவி. ஆனால் வேண்டுமென்றே பிட்டைப் புரட்டுகிறவர், சாவி தெரியாமலேயே அந்தக் கணக்கையும் சேர்த்துத் திருத்திவிடலாம். பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாற வேண்டிய எண்ணுக்கு வெறும் 24 பிட், சுமார் 1.68 கோடி பாக்கெட்டில் தீர்ந்து, பழைய எண்ணே திரும்ப வரும். 2001-இல் குறியாக்கவியலாளர்கள் இதையெல்லாம் வெளியிட்டபோது கருவிகள் வீடு வீடாகப் போய்விட்டன. வரைவாக இருந்தபோதே அவர்கள் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

சரி, உங்கள் வரைவுக்கு வருவோம். முதலில் அறிமுகம், அடுத்து நேராகப் பாதுகாப்புப் பகுதி, அப்புறம் முதலிலிருந்து முழுவதும். பாதுகாப்புப் பகுதியை எப்படி எழுதுவது என்று ஐ.இ.டி.எஃப். வெளியிட்ட வழிகாட்டியான ஆர்.எஃப்.சி. 3552 சொல்லும் அனுமானத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இரு முனைகளும் நம் கையில், நடுவழி முழுவதும் எதிராளி கையில். ஒவ்வொரு செய்தியையும் அவர் படித்தால், மாற்றினால், நாளை திரும்ப அனுப்பினால் என்ன ஆகும்? முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமல் நேராகச் செய்தி அனுப்பும் யு.டி.பி. மேல் ஓடுகிறதென்றால், சின்னக் கேள்விக்குப் பெரிய பதில் போகிறதா என்று பாருங்கள். அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டு அந்தப் பதில் வெள்ளத்தை வேறொருவர் மேல் திருப்பலாம். சென்சார் போன்ற சிறு கருவிகளுக்கான கோஆப் (CoAP) புரோட்டோக்காலில் இந்த ஆபத்து இருக்கிறது. 2014-இல் வந்த அதன் ஆவணமே எச்சரிக்கிறது. 'ஷுட்' (SHOULD, அதாவது தக்க காரணம் இருந்தால் மட்டும் மீறலாம்) என்ற சொல் வரும் இடமெல்லாம் நின்று, எந்தச் சூழலில் அதை மீறலாம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாவிட்டால் ஆளாளுக்கு ஒரு மாதிரி செய்வார்கள்.

கருத்தை எழுதும்போது பெரிய சிக்கல், சிறிய சிக்கல், எழுத்துப் பிழை என்று பிரித்துவிடுங்கள். 40 எழுத்துப் பிழைக்குக் கீழே ஒரு பெரிய ஓட்டையை வைத்தால் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். பகுதி எண், என்ன கெடும், யாருக்குக் கெடும், மாற்றாக என்ன வாக்கியம் போடலாம் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். பாதுகாப்புப் பகுதியில் "புதிய சிக்கல் எதுவும் இல்லை" என்று ஒற்றை வரி இருந்தால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.

புரியாத இடத்தைப் புரியவில்லை என்றே எழுதுங்கள். "எங்கள் துறையில் இது அப்படி இல்லை" என்று ஆசிரியர்கள் விளக்குவார்கள். பல சமயம் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். அப்போதும் அந்த விளக்கத்தை மின்னஞ்சலோடு விடாமல் ஆவணத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். 5 வருடம் கழித்து இதை வைத்து மென்பொருள் எழுதப்போகிற பொறியாளருக்கும் அதே சந்தேகம் வரும். அவர் கையில் ஆவணம் மட்டும்தான் இருக்கும்.