சாக்குக்குள் சூடேறும் கொழுந்து

கேள்வி: காலையில் பறித்த பச்சைத் தேயிலையைச் சாக்கில் அமுக்கிக் கட்டி வைக்கிறோம். மதியம் ஃபேக்டரி வண்டி வருவதற்குள் நடுவில் சுடுகிறது, பிரித்தால் இலை சிவந்திருக்கிறது. நிழலில்தானே வைக்கிறோம், சூடு எங்கிருந்து வருகிறது?
– சிறு விவசாயி, கோத்தகிரி

பதில்: இலையிலிருந்தேதான். பறித்த கொழுந்தின் செல்கள் உடனே சாவதில்லை. இருப்பில் உள்ள சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துக்கொண்டே இருக்கும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுதாக எரிந்தால் 30 முதல் 32 ஏடிபி (செல் ஆற்றலைச் சில்லறையாக மாற்றிச் செலவழிக்கும் மூலக்கூறு) கிடைக்கும். செல்லுக்குள் நடக்கும் வேலைகளுக்குப் பெரும்பாலும் செலவாவது இந்த ஏடிபிதான். ஆனால் சர்க்கரையிலுள்ள ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் ஏடிபியில் சேரும். மிச்சம் வெப்பம். செடியில் இருந்தவரை அதைக் காற்று கொண்டுபோய்விடும். சாக்கில் போக வழியில்லை. போதாக்குறைக்கு, 10 டிகிரி சூடு கூடினால் இலையின் சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சூடே சூட்டை வளர்க்கும்.

சிவப்புக்கு வருவோம். கொழுந்தின் துவர்ப்புப் பொருள்கள் செல்லுக்குள் தனிப் பையில் இருக்கின்றன; அவற்றைச் சிவக்க வைக்கும் நொதி அந்தப் பைக்கு வெளியே. இடையிலுள்ள மெல்லிய சவ்வைப் பழுதில்லாமல் வைத்திருக்கவும் ஏடிபி வேண்டும். அமுக்கிய சாக்கின் நடுவில் ஆக்சிஜன் தீர்ந்ததும், ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபிதான் தேறும். அது கட்டுப்படியாகாது. சவ்வு ஒழுகி இரண்டும் கலக்க, காற்றுப் பட்டதும் இலை சிவக்கிறது. ஃபேக்டரியில் இலையைக் கசக்கி வேண்டுமென்றே செய்வதை உங்கள் சாக்கு முன்கூட்டியே செய்துவிடுகிறது! காலால் மிதித்து அடைத்தால் கேட்கவே வேண்டாம்.

இலைச்சூடு 35 டிகிரியைத் தாண்டக்கூடாது. சாக்கின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தாலே கொட்டி நிழலில் பரப்பிவிடுங்கள். வலைப்பையில் தளர்வாக நிரப்புங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். மழையில் நனைந்த இலையில் நீர் காற்றோட்டத்தை அடைத்துக்கொள்ளும். அதை உடனே கட்டவே கூடாது. சிவந்ததைப் பச்சையாக்க முடியாது, தனியே பொறுக்கி எடுங்கள்.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்த ஊட்டி உருளைக்கிழங்கை வறுத்தால் இனிக்கிறது, சீக்கிரம் கருகவும் செய்கிறது. ஏன்?
– வாசகி, குன்னூர்

பதில்: கிழங்கும் உயிருள்ளதுதான். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். கொதிக்கும் எண்ணெயில் அந்தச் சர்க்கரை அமினோ அமிலங்களோடு சேர்ந்து கருக்கிறது. இனித்துப்போன கிழங்கை இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் 15–20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். சர்க்கரையில் ஒரு பகுதி திரும்ப மாவாகும், ஒரு பகுதி சுவாசத்தில் செலவாகும். பனிக்காலத்தில் உங்கள் ஊரில் அந்தச் சூட்டுக்கு அடுப்படி அலமாரிதான் சரி.