ஆயாவை அடிக்கிறார் அப்பா: டிமென்ஷியா (மறதி நோய்) கேள்வி பதில்

(பதில்கள்: முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் நர்ஸ்)

அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார், சாது. இல்லத்தில் குளிப்பாட்ட வரும் ஆயாவை மட்டும் அடிக்கிறாராம். ஏன்?

அவர் இடத்தில் இருந்து பாருங்கள். முன்பின் தெரியாத பெண் வந்து வேட்டியை உருவுகிறாள். காரணம் புரிவதற்குள் தலையில் ஜில்லென்று தண்ணீர். கை ஓங்காமல் என்ன செய்வார்? எங்களிடமும் இப்படி ஒரு ஐயா இருந்தார். பாத்ரூமையே விட்டுவிட்டோம். கட்டிலில் படுக்க வைத்து, வெதுவெதுப்பான ஈரத்துண்டால் துடைத்தோம். துடைக்கும் இடம் தவிர மீதி உடம்பு போர்வைக்குள். ஆண் உதவியாளரைப் போட்டோம். சில நாளில் ஐயா துண்டைப் பிடுங்கித் தானே கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

இன்னொன்று: முழங்காலை மடக்கும்போதுதான் அடிக்கிறாரா என்று கவனிக்கச் சொல்லுங்கள். வலியை வாயால் சொல்லத் தெரியாதவர் கையால் சொல்வார். நார்வேயில் 18 இல்லங்களில் 352 பேரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. முறையாக வலி மருந்து கொடுத்ததில் 8 வாரத்தில் முரண்டு 17 சதவீதம் குறைந்தது. பெரும்பாலோருக்குக் கொடுத்தது சாதாரண பாராசிட்டமால்தான்.

பாட்டி முந்தாநாள் வரை நன்றாக இருந்தார். இப்போது கடிக்கிறார்.

இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். டிமென்ஷியா இரண்டு நாளில் இப்படி முற்றாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த மாத்திரை, இவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

அடங்கி இருக்க மாத்திரை உண்டா?

உண்டு. ஆனால் மனநோய்க்கான அந்த மாத்திரைகள் டிமென்ஷியா முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2005இலேயே எச்சரித்தது. வேறு வழியே இல்லாதபோது, டாக்டர் சொல்லி, கொஞ்ச நாளைக்கு மட்டும். முதலில் வலியைப் பாருங்கள்.

சொத்தில் கையெழுத்து வாங்கலாமா?

வக்கீலைக் கேளுங்கள்.

சாயங்காலமானால் 'அம்மா தேடுவாள்' என்று மாமா கதவை உதைக்கிறார். அவர் அம்மா போய் நாற்பது வருஷம். சொல்லிவிடலாமா?

வேண்டாம். கேட்கும்போதெல்லாம் அவருக்கு அது புதுச் சாவு. 'அம்மா கையில் என்ன சாப்பாடு பிடிக்கும்?' என்று கேளுங்கள். கதவை விட்டுக் குழம்புக்கு வருவார்.

(இன்னொருவர்) அது பெரியவரை ஏமாற்றுவது இல்லையா?

அம்மா உயிரோடு இருப்பதாக நான் எங்கே சொன்னேன்?

மறைப்பதும் பொய்தான். என் தந்தைக்கு நான் உண்மையைத்தான் சொல்கிறேன்.

சொல்லிவிட்டு, அன்று ராத்திரி அவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா, ஆயாவா?

நானேதான் உட்காருகிறேன்.

சரி, அப்படியென்றால் உங்களிடம் வாதாட எனக்கு வாயில்லை. எங்கள் ராத்திரி ஷிப்டில் இருபது பேருக்கு இரண்டு பேர்.

ஊசி போட்டால் அமைதியாவாரா?

மேலே மாத்திரை பற்றிய கேள்விக்குப் போய்ப் படியுங்கள். படித்துவிட்டு முழங்காலைப் பாருங்கள்.