நின்று எரியும் மருந்து

கேள்வி: ஐயா, டெக்சஸில் வேலை பார்க்கும் என் மகன் மான் வேட்டைக்குப் போகிறவன். .270 ரைபிளுக்குத் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்கிறான். "மெதுவாக எரிகிற மருந்துதான் இதற்கு நல்லதும்மா" என்கிறான். மெதுவாக எரிந்தால் குண்டு எப்படி வேகமாகப் போகும்? 4831 என்று போட்ட ஒரு டப்பாவை நண்பர் கொடுத்தாராம். எனக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகி, குடியாத்தம்

பதில்: மகன் சொல்வது சரிதான் அம்மா. பயப்பட வேண்டியது அந்த டப்பாவுக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் பக்கத்து அடுப்பையே பாருங்கள். பனை ஓலை குப்பென்று பிடித்து அடங்கிவிடும். புளியங்கட்டை நின்று எரியும். 1925-ல் வந்த .270 தோட்டாவுக்கு, மருந்து நிரப்பும் கூடு பெரியது, குண்டு செருகும் வாய் சிறியது. அதில் வேகமான மருந்தைப் போட்டால், குண்டு நகர்ந்து இடம் கொடுப்பதற்குள் அழுத்தம் உச்சிக்கு ஏறிவிடும். கூடு பிளக்கும், துப்பாக்கியே உடையலாம். மெதுவான மருந்து அப்படியல்ல. குண்டு குழலில் ஓட ஓட, பின்னால் இடம் பெருகப் பெருக, வாயுவைக் கொடுத்துக்கொண்டே வரும். உச்ச அழுத்தம் எல்லைக்குள் நிற்க, தள்ளுவது மட்டும் நீளும். வேகம் அங்கேதான் கிடைக்கிறது. இத்தனையும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு நேரத்தில்! கனமான குண்டு, நீளமான குழல் என்றால் இந்த மருந்து இன்னும் பொருந்தும். சின்னக் கூட்டில் போட்டால் பாதி எரியாமலே வெளியே வந்துவிடும்.

நான் பட்டாளத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவராகச் சேர்ந்த புதிதில், பயிற்சி கொடுத்த எங்கள் உஸ்தாத் .303 ரைபிள் தோட்டா ஒன்றின் குண்டைக் கழற்றி என் உள்ளங்கையில் கவிழ்த்தார். தூள் கொட்டும் என்று பார்த்தால், சேமியாவைக் கட்டாகக் கட்டியது போலக் குச்சி குச்சியாக விழுந்தது. நம் நீலகிரி அருவங்காட்டில் செய்த அதே கார்டைட் என்ற புகையில்லா மருந்து வகைதான். மருந்து மேற்பரப்பிலிருந்துதான் எரியும். குச்சி தடிமனானால் எரிய நேரமாகும். 4831 போன்ற மருந்தில் ஒவ்வொரு மணியும் நடுவில் துளையுள்ள குட்டிக் குழாய். வெளிப்பக்கம் தேயத் தேய உள்துளை அகலும், அதனால் எரியும் பரப்பு அதிகம் குறையாது. முதலில் குப்பென்று எரிவதை அடக்க மேலே ஒரு பூச்சும் உண்டு.

இனி அந்த டப்பா. 4831 என்ற ஒரே எண்ணில் இரண்டு மருந்து இருக்கிறது. ஹாட்ஜ்டன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் எச்4831 ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய 20 மி.மீ. பீரங்கி மருந்தை வாங்கி அவர்கள் விற்க ஆரம்பித்தது. இன்னொன்று ஐஎம்ஆர் என்ற பெயரில் வரும் ஐஎம்ஆர் 4831. அது எச்4831-ஐவிட வேகமாக எரியும். எச்-சுக்குப் போட்ட உச்ச அளவை ஐஎம்ஆரில் நிரப்பினால் ஆபத்து. டப்பாவில் எண்ணுக்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று இன்றைக்கே போனில் கேளுங்கள். மூடி உடைத்த டப்பா என்றால், யார் கொடுத்திருந்தாலும் வேண்டாம். உள்ளே இருப்பது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது. பயந்து மருந்தைக் குறைத்துப் போடுவதும் தவறு. மெதுவான மருந்து பெரிய கூட்டில் பாதியாகக் கிடந்து, அழுத்தம் தாறுமாறாக எகிறியதுண்டு. மருந்துக் கம்பெனியின் புத்தகத்தில் உள்ள ஆரம்ப அளவில்தான் தொடங்க வேண்டும்.

கேள்வி: ஜவ்வாது மலையில் என் தாத்தா நாட்டுத் துப்பாக்கியில் கெட்டித்த கரிமருந்துக்குப் பதில் இந்த மருந்தைப் போடலாமா?
– வாசகர், போளூர்

பதில்: கூடவே கூடாது தம்பி. மெதுவானது என்று பெயர் இருந்தாலும், கரிமருந்துக்கென்று செய்த குழல் இதைத் தாங்காது, வெடித்துவிடும். தாத்தாவின் துப்பாக்கி இன்னும் வீட்டில் இருந்து, அதற்கு உரிமம் இல்லையென்றால், முதலில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.